சோயா: வேரைப் பார்த்தீர்களா?

கேள்வி: கோ (சோயா) 3 ரகம் போட்டிருக்கிறேன். 80 நாள் ஆகிறது. இலைகள் மஞ்சளாகி மளமளவென்று உதிர்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: எதுவும் அடிக்காதீர்கள். காய்களும் மஞ்சளாகியிருந்தால் பயிர் முற்றிவிட்டது என்று பொருள். நிம்மதியாக அறுவடைக்கு ஆள் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால்தான் காய் வெடித்துக் கொட்டும்.

கேள்வி: விதைத்து 30 நாளாகியும் செடி வெளிறியே நிற்கிறது. இரண்டு முறை யூரியா போட்டாயிற்று. மூன்றாவது முறையும் போடலாமா? (உடுமலைப்பேட்டை)

பதில்: யூரியா மூட்டையைக் கீழே வையுங்கள். மண்வெட்டியோடு வயலுக்குப் போய் நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டுங்கள். பிடுங்கினால் வேர்முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. வேரில் முடிச்சே இல்லையா? விதைநேர்த்தியில் கோட்டை விட்டிருக்கிறீர்கள். அப்படியானால் மட்டும் இந்தப் போகத்துக்கு யூரியாவை விட்டால் வழியில்லை.

முடிச்சு உண்டாகச் சோயா கேட்பது பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் என்ற பாக்டீரியாவை. சோயாவே போடாத நிலத்தில் அது தானாக இருக்கும் என்று நம்பக் கூடாது. "ரைசோபியம் கலந்தேன்" என்கிறார்கள். எந்தப் பயிருக்கான பொட்டலம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நிலக்கடலைக்கு விற்பது இதற்கு உதவாது. சோயாவுக்கு என்று கேட்டு வாங்குங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்த பொட்டலத்தைத் தொடாதீர்கள். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். பூசண மருந்து கலப்பதானால் முந்தைய நாளே முடித்துவிடுங்கள்; இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் உயிருள்ள பாக்டீரியாவை நீங்களே கொல்கிறீர்கள்.

தழைச்சத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் செடி முடிச்சு வளர்க்க மெனக்கெடாது. இறவையில் ஏக்கருக்கு 8 கிலோ தழைச்சத்து, அதுவும் அடியுரமாக, போதும். இந்தப் பயிர் அதிகம் கேட்பது மணிச்சத்தை. ஏக்கருக்கு 32 கிலோ. அதை சூப்பர் பாஸ்பேட்டாகப் போட்டால் கந்தகமும் சேர்ந்தே கிடைத்துவிடும். யூரியாவுக்கு ஓடும் கால்கள் சூப்பருக்கு ஏன் நகர மறுக்கின்றன?

கேள்வி: போன ஆண்டு என் வயலில் எடுத்த விதை. பாதிகூட முளைக்கவில்லை. மண்ணில் கோளாறா? (பொள்ளாச்சி)

பதில்: மண்ணைக் குறை சொல்லாதீர்கள். சோயா விதையின் தோல் மெல்லியது. முளை அதை ஒட்டியே இருக்கிறது. தடியால் ஓங்கி அடித்தாலும், மூட்டையைத் தூக்கி எறிந்தாலும் முளை நொறுங்கும், வெளியே தெரியாது. உளுந்து மாதிரி ஆண்டுக் கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. விதைப்பதற்கு முன் 100 விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் அந்த விதை வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் தேங்கும் வயலில் சோயா வருமா? (பெரம்பலூர்)

பதில்: வராது.

கேள்வி: மிஞ்சிய சோயாவை இடித்துக் கோழிக்கும் மாட்டுக்கும் போடலாமா? (ஈரோடு)

பதில்: பச்சையாகக் கோழிக்குப் போடவே கூடாது. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் புரதத்தைச் செரிக்க விடாது. தீனி தின்றும் கோழி தேறாது. நன்றாக வறுத்தோ வேகவைத்தோ போடுங்கள். கன்றுக்கும் அப்படியே. யூரியா கலந்த தீவனம் தின்னும் மாட்டுக்குப் பச்சைச் சோயாவைக் காட்டவே வேண்டாம். சோயாவிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை வேகமாக அமோனியாவாக மாற்றிவிடும். மாட்டின் உயிருக்கே ஆபத்து.