மாற்று இதயமா, இதயப் பம்பா?

மாத்திரையின் அளவைக் கூட்டிப் பார்த்தாயிற்று, பேஸ்மேக்கரும் வைத்தாயிற்று. இருந்தும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதயச் செயலிழப்பு இந்த அளவுக்கு முற்றியவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

மாற்று இதயம்

மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் தானமாகத் தரும் இதயம் இது. பொருத்திக்கொண்ட பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 10 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ரத்த வகையும் உடலளவும் ஒத்துவர வேண்டும். ஐஸில் வைத்து எடுத்து வரும் இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடரும். அதனால் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

எல்வேட் பம்ப்

இதயத்தின் இடது கீழறையில் பொருத்தும் பம்ப் இது. இந்த வகையைச் சேர்ந்த ஹார்ட்மேட் 3 கருவியின் சுழலி, காந்த விசையால் எதிலும் உரசாமல் மிதந்தபடி சுழல்வதால் ரத்தம் உறைவது வெகுவாகக் குறைந்தது. ஐந்தாண்டு ஆய்வில் இதைப் பொருத்தியவர்களில் சுமார் 58 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர்; பழைய ஹார்ட்மேட் 2-இல் 44 சதவீதம்தான். வயிற்றின் வழியாக ஒரு வயர் வெளியே வந்து பேட்டரியில் இணையும். அந்த இடத்தை நாள் தவறாமல் சுத்தமாகப் பராமரிக்க வேண்டும், நீச்சல் கூடாது. கையில் நாடி தட்டுப்படாமல் போகலாம் என்பதை வீட்டாரும் பக்கத்து மருத்துவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

யாருக்கு எது?

- மற்ற உறுப்புகள் நன்றாக இருந்து, தானமாக இதயம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் உடல் தாங்கினால்: மாற்று இதயம்.
- அதுவரை உடல் தாங்காது என்றால்: முதலில் பம்ப், பிறகு மாற்று இதயம்.
- நுரையீரல் ரத்த அழுத்தம் மிகுந்திருந்தால்: சில மாதங்கள் பம்ப் ஓடியபின் அது தணிந்து, மாற்று இதயத்துக்கு வழி திறக்கலாம்.
- வலது கீழறையும் மிகவும் தளர்ந்திருந்தால்: இந்தப் பம்ப் மட்டும் போதாது.
- வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளோ நம்பகமான மின்சாரமோ இல்லையென்றால்: பம்ப் பற்றிப் பலமுறை யோசிக்க வேண்டும்.

இந்த இரண்டு வழிகளைத் தவிர, புதிய முயற்சிகளும் நடக்கின்றன. 2022-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணு மாற்றிய பன்றியின் இதயம் ஒருவரை இரண்டு மாதம் வாழ வைத்தது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் டைட்டானியச் செயற்கை இதயத்துடன் 100 நாட்களுக்கு மேல் வாழ்ந்து, 2025-இல் மாற்று இதயம் பெற்றார். இவை நம்பிக்கை தருகின்றன. ஆனால் இவற்றுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் தானமாக வரும் இதயத்துக்கு, அனுமதி பெற்ற மருத்துவமனை மூலம் மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிவு செய்ய வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் கெட்ட பிறகு போனால் இரண்டு வழிகளுமே கைநழுவலாம். ஒரே ஆண்டில் இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தாலே, இதய மாற்று மையத்துக்குக் கடிதம் தரும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.