முதலாளி மறைந்தபின் கடை யாருக்கு?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரில் பல ஆண்டுகளாகப் பால்கோவா கடை நடத்திவந்த குடும்பத் தலைவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தாய், மனைவி, மகன், மணமாகிப் போன மகள் ஆகியோர் இருக்கிறார்கள். அவர் பெயரிலேயே கடையைத் தொடர்ந்து நடத்த முடியுமா?

பதில்: பலகையில் அவர் பெயரும் கல்லாவுக்கு மேலே மாலை போட்ட படமும் இருக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் உரிமம், வரிப் பதிவு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் அவர் பெயர் தொடர முடியாது. தனி ஒருவர் நடத்தும் கடையையும் அந்த ஆளையும் சட்டம் வேறுவேறாகப் பார்ப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1962இல் காலமானார். பொறுப்பு மகனிடம் போனது. ஆலைக்கு யாரும் புதுப் பதிவு வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆலை ஒரு கம்பெனி; சட்டத்தின் கண்ணில் கம்பெனியே ஒரு தனி நபர். விறகடுப்பும் வாணலியுமாக நடக்கும் கடைக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் இறப்புப் பதிவு. 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் அலைச்சல் குறையும். அடுத்தது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பமானால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் நால்வருக்கும் சம பங்கு. கல்லாவில் உட்காரப்போவது மகன்தான் என்பதால் கடை அவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. மகளைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். இறந்தவரின் தாயைப் பெரும்பாலோர் மறந்தே போகிறார்கள். மற்றவர்கள் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதே பத்திரம். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறையில் வழக்காக வந்து நிற்கும்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் உண்டு. உரிமையாளர் இறந்த நாளிலிருந்து 90 நாட்கள் வரை அதே உரிமத்தில் குடும்பத்தார் கடை நடத்தலாம். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பான் எண்ணோடு பிணைந்தது. ஆகவே தொழிலைத் தொடர்பவர் தன் பெயரில் புதிதாகப் பதிந்து, மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் மூலம் மாற்றிக்கொண்டு, அதன்பின் பழைய பதிவை ரத்து செய்ய வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடையை மூடிவிட்டால் பழைய வரிப் பாக்கி இறந்தவர் விட்டுப்போன சொத்து அளவுக்கு மட்டுமே வாரிசைத் தொடரும். தொடர்ந்து நடத்தினால் அந்த வரம்பு கிடையாது. எனவே கணக்கைப் பார்த்துவிட்டுத் தொடரும் முடிவை எடுப்பது நல்லது.

வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். பெற்றது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. இறந்தவர் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்த காசோலைகளை இனிப் பயன்படுத்தக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரின் பயனைச் சட்டப்படி பெற ஒவ்வொரு தயாரிப்பாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்திருக்க வேண்டும். இந்த உரிமை விசித்திரமானது. உயிரோடு இருக்கும்போது இதை விற்கவோ, அடகு வைக்கவோ, இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கவோ முடியாது. இறந்துவிட்டால் வாரிசுக்குப் போய்ச்சேரும். புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இரண்டையும் ஒரே இடத்தில் சொல்கிறது. அவர் பதிந்திருந்தாரா என்று பீரோவைத் தேடிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

அதே பீரோவில் அவருடைய பற்று வரவு நோட்டும் இருக்கும். பால் ஊற்றுகிறவரின் பெயர், காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை, வாரக் கடைசியில் கொடுத்தது போக நிற்கும் பாக்கி என்று பக்கம் பக்கமாக அவர் உழைப்பு அதில்தான் இருக்கிறது. தினமும் ஒழுங்காக எழுதிவந்த கணக்கு நீதிமன்றத்தில் செல்லுபடியாகும். ஆனால் அதை மட்டும் காட்டி ஒருவரைக் கடன்காரர் என்று நிறுவ முடியாது. ரசீதோ சாட்சியோ துணைக்கு வேண்டும். அவர் தலையெழுத்துபோல் கிறுக்கி வைத்திருப்பதை வாசிக்கத் தெரிந்த வேலையாள் கடையில் இருக்கும்போதே உட்கார்ந்து பெயர்ந்தெழுதிக்கொள்வது உத்தமம். இறந்தவர் வாங்கிய கடனுக்கு வாரிசின் பொறுப்பு, பெற்ற சொத்து மதிப்புக்குள் அடங்கும். தகப்பன் கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பழைய தர்மக் கடமையின் பேரில் மகனைப் பிடிக்கும் வழி, 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குக் கிடையாது.

மனைவியும் மகனும் சேர்ந்து நடத்துவதாக முடிவானால் கூட்டாண்மைப் பத்திரம் போடலாம். 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். ‘மற்றவர்கள் தொடர்வார்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் தப்பிக்கும். ஆனால் கூட்டாளிகள் இருவர் மட்டுமே என்றால் அந்த வரியும் உதவாது. மகளையும் மூன்றாவது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.