தேய்வதற்குள் நிரம்பிவிடும் எஸ்.எஸ்.டி.

எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் கேட்பது, “எத்தனை வருஷம் வரும்?” எழுத எழுதத் தேயும் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பார்கள். அது உண்மைதான். ஃபிளாஷ் மெமரியின் செல்களை அழித்து எழுதும்போதெல்லாம் மின்னேற்றத்தைத் தாங்கும் மெல்லிய படலம் கொஞ்சம் கொஞ்சமாக நலிகிறது. ஆனால், சொந்தக்காரர்கள், நண்பர்களின் லேப்டாப்களைப் பார்த்துக் கொடுக்கும் பழக்கத்தில் நான் அடிக்கடி சந்திப்பது தேய்ந்த எஸ்.எஸ்.டி.யை அல்ல, சிவப்புக் கோட்டைத் தொட்டு நிற்கும் சி டிரைவைத்தான்.

கணக்குப் போட்டால் பயம் தெளியும். எவ்வளவு எழுதும்வரை உத்தரவாதம் என்பதை டி.பி.டபிள்யூ. என்ற எண் சொல்லும். சாம்சங் 870 ஈவோ 1 டி.பி. மாடலுக்கு அது 600 டி.பி.; விலை குறைந்த குரூஷியல் பி.எக்ஸ்.500 240 ஜி.பி. மாடலுக்கு 80 டி.பி. மெயில், பிரவுசர், ஆபீஸ் வேலை எல்லாம் சேர்ந்து நாளுக்கு 20 ஜி.பி. எழுதுவதாக வைத்தாலும் 80 டி.பி. தீர 11 வருஷம் ஆகும், 600 டி.பி. தீர 80 வருஷத்துக்கு மேல்.

அந்த எல்லையோடு ஆயுளும் முடிந்துவிடாது. ‘டெக் ரிப்போர்ட்’ என்ற தொழில்நுட்ப இணையதளம் 2013இல் ஆறு எஸ்.எஸ்.டி.களில் விடாமல் எழுதிச் சோதித்தது. 700 டி.பி. வரை ஒன்றுகூட விழவில்லை. கடைசியாக 2015இல் சாம்சங் 840 ப்ரோ அடங்கியபோது அதில் 2,400 டி.பி. எழுதப்பட்டிருந்தது. ஒரு செல்லில் நான்கு பிட்களை அடைக்கும் இன்றைய கியூ.எல்.சி. வகைக்கு அத்தனை தாங்குதிறன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இடம்தான் நிஜமான தலைவலி. பெட்டியில் 256 ஜி.பி. என்றிருக்கும், விண்டோஸ் 238 என்று காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதிலும் விண்டோஸ், அப்டேட் மிச்சங்கள், ஹைபர்னேட் ஃபைல், போனிலிருந்து இறக்கிய போட்டோக்கள் என்று ஆளுக்கொரு பங்கு கேட்கும்.

நிரம்பினால் வேகமும் போகும். எஸ்.எஸ்.டி. சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதும், பெரிய பிளாக்குகளாகத்தான் அழிக்கும். காலி இடம் குறைந்தால் இருப்பதை நகர்த்திவிட்டே புதிதாக எழுத முடியும். அதனால் தேய்மானமும் கூடும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது நல்லது. விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், பழைய அப்டேட் ஃபைல்களை நீக்கினாலே பல ஜி.பி. திரும்பக் கிடைக்கும். டீஃப்ராக் சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. நீக்கிய ஃபைல்களின் இடம் இனி தேவையில்லை என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் டிரிம் வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். புதிதாக வாங்குகிறவர்களிடம், முடிந்தால் 500 ஜி.பி.க்குக் குறையாமல் வாங்கச் சொல்கிறேன்.

சாவு வேறு வழியிலும் வரும். சர்வர் தயாரிக்கும் ஹெச்.பி.ஈ. நிறுவனம் தன் சர்வர் எஸ்.எஸ்.டி.களில் சில, 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்று 2019இல் எச்சரித்தது. தேய்மானம் காரணமல்ல, ஃபர்ம்வேர் பிழை. ஆகவே, டிரைவின் நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் ‘நலம்’ என்று காட்டினாலும் பேக்கப் வேண்டும். அதற்குப் பழைய எஸ்.எஸ்.டி.யை எடுத்து அலமாரியில் பூட்டக் கூடாது. எழுத்து வரம்பு தீர்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைக் காத்தாலே, சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரத்துக்குப் போதும். கல்யாண ஆல்பத்துக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும், வேறு இடத்தில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும்.