இணை இழந்த அன்னம்

நுழையும்முன்
பிரிவையும் இறப்பையும் ஆழ்ந்து பாடியது தமிழ். பறவைகளுக்கும் இழப்பின் துயர் உண்டா? உறையூரோடு தொடர்புடைய ஒரு நட்பின் வரலாற்றையும் பறவையியல் கூறும் உண்மைகளையும் இப்பாடம் அருகருகே வைக்கிறது.

கோழி நகருக்கு ஒரு தூது
இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், சோழரின் பழைய தலைநகர். கோழி என்றும் பெயர் பெற்றது. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார், குமரித்துறையில் அயிரை மீனை மேய்ந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலை விளித்துப் பாடுகிறார் (புறம். 67). கோழியில் தங்கித் தம் பெயரைச் சொன்னால், அதன் பேடை அணிவதற்குக் கோப்பெருஞ்சோழன் நல்ல அணிகலன் தருவான் என்கிறார். தூது செல்வது சேவல். பரிசு பெறுவது பேடை. அன்னம் இணையோடு வாழும் பறவை என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

இமயத்தைக் கடந்து வலசை வரும் வரித்தலை வாத்தே சங்க இலக்கிய அன்னம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் பெறும் கரைவெட்டி ஏரிக்கு அப்பறவை இன்றும் வருகிறது.

நண்பரின் இறப்பு
மக்களோடு பகை நேர்ந்தபின் கோப்பெருஞ்சோழன் ஆற்றிடைக்குறை ஒன்றில் வடக்கிருந்து உயிர் துறந்தான். காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்தைக் கண்டவர்க்கு ஆற்றிடைக்குறை என்னும் சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். முன்பு நேரில் கண்டிராத பிசிராந்தையார் வந்து உடன் உயிர் நீத்தார். பொத்தியாரோ, மகன் பிறந்தபின் வருமாறு மன்னன் பணித்ததால் திரும்பிச் சென்றார். பின்னர் வந்து நடுகல்லிடம் தமக்கும் இடம் கேட்டார்.

பறவையின் துயர்
அன்னமும் வரித்தலை வாத்து போன்ற பறவைகளும் பெரும்பாலும் நெடுங்காலம் ஒரே இணையுடன் வாழ்கின்றன. இணை இறந்தால் எஞ்சியது உடலருகே நிற்பதும், அழைத்துக் குரலெழுப்புவதும், இரையில் நாட்டமிழப்பதும் உண்டு. 1973இல் நோபல் பரிசு பெற்ற கான்ராடு லாரன்சு, இணை இழந்த வாத்துகளிடம் மனிதத் துயரை ஒத்த அறிகுறிகளைக் கண்டார். ஆயினும் எஞ்சிய பறவை உடன் இறப்பது இயல்பன்று. சில பறவைகள் காலப்போக்கில் புதிய இணையைத் தேடிக்கொள்கின்றன. சில தனித்தே வாழ்கின்றன. உடன் இறத்தல் மனிதர் தேர்ந்த வழி. இழப்பைச் சுமந்து வாழ்தலே பறவையின் வழி.

உண்மையான பகை
பறவைகளைக் கொல்வது துயரைவிட நோயும் மனிதச் செயலுமே. மின்கம்பியில் மோதியும் ஈயத்தை விழுங்கியும் அன்னங்கள் மடிகின்றன. பிரிட்டனில் 1987இல் ஈயத் தூண்டில் குண்டுகளுக்குத் தடை வந்தபின் அன்னங்களின் எண்ணிக்கை உயர்ந்தது. இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் 2020 டிசம்பர் இறுதியில் வெளிப்பட்ட பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன. அவற்றுள் மிகுதியானவை வரித்தலை வாத்துகளே.

அன்னத்திடம் தூது சொன்ன மரபினர் நாம். அது இறங்குவதற்கு ஏரியும் ஏரியில் தூய நீரும் இருக்கச் செய்வதே நாம் அதற்குச் செய்யத்தக்க கைம்மாறு.

தெரிந்து தெளிவோம்
இறக்கும் வேளையில் அன்னம் இனிமையாகப் பாடும் என்பது பண்டைக் கிரேக்கர் நம்பிக்கை. இதனால் கலைஞரின் இறுதிப் படைப்பை ‘அன்னத்தின் பாடல்’ என மேலைநாட்டார் வழங்குவர்.

கற்பவை கற்றபின்
1. பிசிராந்தையார், பொத்தியார் இருவர் நட்பையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.
2. உங்கள் ஊர் நீர்நிலைக்கு வரும் பறவைகளையும் அவற்றுக்கு நேரும் இடர்களையும் பட்டியலிடுக.