ஜிபிஎஸ் இருந்தால் போதுமா?

"படகில் ஜிபிஎஸ் இருந்ததே, அப்புறம் ஏன் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை?" ஒக்கி புயலைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. செயற்கைக்கோள் மேலிருந்து படகைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம்.

உண்மை நேர்மாறானது. ஜிபிஎஸ் கருவி ரேடியோப் பெட்டி மாதிரி; அதற்குக் கேட்க மட்டுமே தெரியும். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகள் வந்துசேரும் நேரத்தை வைத்து, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். பதிலுக்கு எதையும் அனுப்பாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கியில் சிக்கிய தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்களின் கருவிகளும் இந்த வகைதான். படகு எங்கே நிற்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும், கரைக்குத்தான் தெரியவில்லை. விஎச்எஃப் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது.

2019இல் வந்த ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை நடுக்கடலுக்கே கொண்டுபோனது. பெரிய உதவி. ஆனாலும் அது ஒருவழிப் பாதை. இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவியில் பொத்தானை அழுத்தினால் படகின் இடம் மீட்பு மையத்துக்குப் போகும். தகவல் கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கு வரும். ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் இப்படியொன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் இதற்கு மாற்றே அல்ல.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: போன் டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் செத்துவிடும் என்பார்கள். நெல்லியாம்பதி மலைக்குள் போனவர்களுக்குத் தெரியும்: டவர் போன பிறகும் நீலப்புள்ளி நகரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மழை மேகமும் இந்தச் சமிக்ஞையைத் தடுக்காது.

"ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு எல்லை தாண்டினால் அது வேண்டுமென்றே செய்ததுதான்." இந்தப் பேச்சு ராமேசுவரத்து மீனவர்களுக்குப் பெரிய அநியாயம் செய்கிறது. பாக் நீரிணையில் இந்திய-இலங்கை எல்லைக்கோடு 1974 ஒப்பந்தத்தில் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டது. அது வானிலிருந்து வருவதில்லை. யாராவது கருவியில் ஏற்றியிருக்க வேண்டும். அங்கேதான் தவறு நுழைகிறது. 9 டிகிரி 15.50 நிமிடம் என்பதை 15 நிமிடம் 50 விநாடி என்று பதிந்துவிட்டால் புள்ளி 600 மீட்டருக்கு மேல் விலகிவிடும். தெரிந்தே தாண்டுபவர்களும் உண்டு. மீன் அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இரவில் வலை விரித்து இன்ஜினை நிறுத்தினால் நீரோட்டம் படகை இழுக்கும். கருவி அதைக் காட்டும், படகைப் பிடித்து நிறுத்தாது. எல்லை அலாரத்தைக் கோட்டின் மேலேயே வைத்தால், அது கத்தும்போது வலையை வாங்க நேரமிருக்காது. இரண்டு கடல் மைல் முன்பே ஒலிக்கும்படி வையுங்கள், ஒருவர் விழித்திருங்கள்.