லாக்புக் கடைசி வார வேலை அல்ல

ஹவுஸ் சர்ஜன்களின் புது பேட்ச் வரும்போதெல்லாம் அதே பேச்சு காதில் விழுகிறது: “லாக்புக்கா? போஸ்டிங் முடியுறப்ப சீனியரோடதைப் பார்த்து எழுதிக்கலாம். கையெழுத்துக்குத்தானே!” மாணவர்களுக்கு வார்டில் பாடம் எடுக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கையெழுத்துக்கு அல்ல. சீனியர் போட்ட தையல் உங்கள் கைக்கு வராது. லாக்புக்கில் பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று பிரித்து எழுதச் சொல்வது எதற்கு? நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் தனியாக நிற்கும்போது, எதைத் துணிந்து செய்யலாம், யாரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். காப்பியடித்த கணக்கை நம்பி அங்கே கை வைத்தால் பாதிக்கப்படுவது நோயாளி.

சொந்த அனுபவத்தையே பிறகு எழுதுகிறேன் என்பதும் நடக்காது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று சோதித்து 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. நோயாளியின் முகம் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். கொடுத்த டோஸ் நிற்காது. முதலில் என்ன நோய் என்று நினைத்தீர்களோ, அது நிற்கவே நிற்காது. சரியான விடை தெரிந்ததும், அதைத்தான் அப்போதே நினைத்தோம் என்று மனம் மாற்றிக்கொள்ளும். அன்றைய குறிப்பு மட்டுமே அதைப் பிடித்துக் காட்டும்.

“சாதித்ததை மட்டும் எழுதணும்.” இல்லை, வெயின் கிடைக்காமல் பி.ஜி.யைக் கூப்பிட்டதையும் எழுதுங்கள்.

“போனில் போட்டோ இருக்கு.” அது நோயாளியின் அந்தரங்கம், அழியுங்கள். குறிப்பிலும் பெயர் வேண்டாம். வயதும் நோயும் போதும்.

“நீட் பி.ஜி. படிக்கவே நேரமில்லை.” டூட்டி முடிந்ததும் ஐந்து வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் நூறாண்டுக்கு முன்பே ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்றும் பார்த்து எழுதினார். தன் பிழைகளையும் அச்சிட்டார். நம் பயிற்சி மருத்துவர்களோ போஸ்டிங் மாறியதும் பழைய வார்டுப் பக்கமே போவதில்லை. அனுப்பி வைத்த நோயாளி பிழைத்தாரா என்றுகூடத் தெரியாது. துறைத் தலைவர்களே, வாரம் ஒரு மணி நேரமாவது அவர்களைப் பழைய நோயாளிகளிடம் அனுப்புங்கள். லாக்புக்கில் ‘பிறகு என்ன ஆனது’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அது காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.