பாட்டியின் அறையும் குளிர்சாதனமும்

நாங்கள் ஈசூனில் உள்ள மறுவிற்பனை வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அது பத்தாவது மாடியில் உள்ள நான்கறை வீடு. ஒரு வரவேற்பறையும் மூன்று படுக்கையறைகளும் உண்டு. முன்பு குடியிருந்தவர்கள் தங்கள் குளிர்சாதனங்களைக் கழற்றிக்கொண்டு சென்றுவிட்டதால், நாங்கள் புதியவற்றை வாங்க வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு கடைக்குச் சென்றோம்.

“வரவேற்பறைக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு மூன்று. மொத்தம் நான்கு போட்டுவிடுங்கள். கொஞ்சம் பெரியதாகவே எடுத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும்,” என்றார் விற்பனையாளர்.

அப்பா விலைப்பட்டியலைப் பார்த்துத் தயங்கினார். “அம்மாவுக்கு ஏர்கான் பிடிக்காது. அவர் அறைக்கு வேண்டாம். மூன்று போதும்,” என்றார்.

“ஆமாம்ப்பா, எனக்கு விசிறியே போதும்,” என்று பாட்டியும் தலையாட்டினார்.

முடிவெடுக்க ஒரு வாரம் அவகாசம் கேட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

அப்போது பள்ளி விடுமுறை. பகலில் பாட்டியும் நானும்தான் வீட்டில் இருந்தோம். தினமும் மூன்று மணியானதும் பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விடுவார். புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல் நாற்காலியில் ஏழு மணிவரை உட்கார்ந்திருப்பார். கேட்டால், “சும்மா காற்று வாங்கப் போனேன்,” என்பார்.

ஒரு நாள் நான்கு மணிக்குப் பாட்டியின் கைவிசிறியை எடுப்பதற்காக அவர் அறைக்குள் நுழைந்தேன். அனல் முகத்தில் அடித்தது. அறையின் சன்னல் மேற்கு நோக்கி இருந்தது. வெயில் நேராகக் கட்டிலின் மீது விழுந்துகொண்டிருந்தது. அறிவியல் செய்முறைக்காக நான் வாங்கிவைத்திருந்த வெப்பமானியைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தேன். சிறிது நேரத்தில் அது 34 டிகிரி செல்சியஸ் காட்டியது. வரவேற்பறையிலோ 30 டிகிரிதான். பாட்டி ஏன் கீழே போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கீழே சென்று அவர் அருகில் அமர்ந்தேன். “பாட்டி, உங்களுக்கு ஏர்கான் உண்மையிலேயே பிடிக்காதா?” என்று கேட்டேன்.

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “பழைய வீட்டில் இருந்ததே, அது நேராக என் காலில்தான் வீசும் கண்ணு. ராத்திரி முழுக்க முழங்கால் வலிக்கும். குளிரும், ஆனாலும் உடம்பு பிசுபிசுவென்று இருக்கும். உன் அப்பாவிடம் சொன்னால் உடனே வேறு வாங்கணும் என்பான். அவனுக்கு எதற்கு வீண்செலவு?” என்றார்.

அன்றிரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கிறார்.

“பாட்டிக்குப் பிடிக்காதது ஏர்கான் இல்லை, அந்த அறைக்குப் பொருந்தாத ஏர்கான்,” என்ற அக்கா, ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார்.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. உள்கருவியின் குழாய்களில் ஓடும் குளிரூட்டும் வாயு, அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளிக்கருவியில் உள்ள கம்ப்ரசர் அந்த வாயுவை அழுத்த, வெப்பம் வெளிக்காற்றில் கலந்துவிடுகிறது. காற்றில் உள்ள ஈரமும் குளிர்ந்த குழாய்களில் பட்டு நீராக மாறி வடிந்துவிடும். ஈரத்தைக் குறைப்பதுதான் இக்கருவியின் முதல் வேலையாகவே இருந்தது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புருக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றால் தாள்கள் விரிந்து சுருங்கின. அதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த கருவியே இன்றைய குளிர்சாதனத்துக்கு முன்னோடி.

“பழைய வீட்டில் பாட்டியின் அறை சிறியது. அதில் 18,000 பிடியூ திறனுள்ள கருவி இருந்தது. அது சில நிமிடங்களில் அறையைக் குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை நீக்கும் அளவுக்கு நீண்ட நேரம் ஓடாது. அதனால்தான் குளிர்ந்தும் பிசுபிசுப்பு போகவில்லை,” என்றார் அக்கா.

ஒரு மணி நேரத்தில் கருவி எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதையே ‘பிடியூ’ என்ற அளவு காட்டுகிறது. நம் வீடுகளில் சிறிய படுக்கையறைக்குப் பொதுவாக 9,000 பிடியூ போதும். பெரிய படுக்கையறைக்கு 12,000 பிடியூ தேவைப்படும். வரவேற்பறைக்கு 18,000 முதல் 24,000 பிடியூவரை வேண்டியிருக்கும். ஆனால், பரப்பளவு மட்டுமே போதாது. மேற்கு வெயில் படும் அறைக்கும் கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடி அறைக்கும் கூடுதல் திறன் தேவை.

மறுநாள் நானும் அக்காவும் அளவுநாடாவால் எல்லா அறைகளையும் அளந்தோம். ஓர் அட்டவணையில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினோம். அறையை யார் பயன்படுத்துகிறார்? எந்த நேரத்தில்? வெயில் எந்தப் பக்கம்? எழுதி முடித்ததும் உண்மை தெளிவாகத் தெரிந்தது. அப்பா, அம்மா, நாங்கள் எல்லாரும் இரவில் மட்டுமே குளிர்சாதனத்தைப் பயன்படுத்துவோம். வரவேற்பறையில் நல்ல காற்றோட்டம் இருந்தது. பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் பாட்டி ஒருவரே. மிகவும் சூடான அறையும் அவருடையதே. ஆனால், எங்கள் திட்டத்தில் அந்த அறைக்குத்தான் குளிர்சாதனம் இல்லை.

இரவு உணவுக்குப் பிறகு அந்த அட்டவணையை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“ஏம்மா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று பாட்டியிடம் கேட்டார்.

“நீயும் கேட்கவில்லையேப்பா,” என்றார் பாட்டி மெதுவாக.

அப்பா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அட்டவணையில் ‘வரவேற்பறை’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘பாட்டியின் அறை’ என்பதைச் சுற்றி வட்டமிட்டார். வரவேற்பறைக்கு மின்விசிறியே போதும் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். ஒரு குளிர்சாதனம் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட மின்விசிறிக்குத் தேவையில்லை.

அடுத்த கேள்வி, மூன்று அறைகளுக்கும் ஒரே கம்ப்ரசரா, தனித்தனியா என்பது. ஒரே கம்ப்ரசரில் மூன்று உள்கருவிகளை இணைப்பதைச் ‘சிஸ்டம் 3’ என்பார்கள். அது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால், கம்ப்ரசர் பழுதானால் மூன்று அறைகளும் சூடாகிவிடும். மேலும், பகலில் பாட்டியின் அறைக்காக மட்டும் பெரிய கம்ப்ரசரை ஓட்டுவது சிக்கனமாகாது. அடுக்குமாடி வீடுகளில் கம்ப்ரசரை நினைத்த இடத்தில் வைக்கவும் முடியாது. அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் பொருத்த வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்ரசர்களுக்கு இடம் இருந்தது. எனவே, பாட்டியின் அறைக்குத் தனியாக 12,000 பிடியூ கருவி, மற்ற இரு படுக்கையறைகளுக்குச் ‘சிஸ்டம் 2’ என்று முடிவு செய்தோம்.

மீண்டும் கடைக்குச் சென்றபோது, ஒவ்வொரு கருவியிலும் ஒட்டப்பட்டிருந்த எரிசக்தி முத்திரையைப் பார்த்தோம். சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டிலிருந்து குளிர்சாதனங்களில் இம்முத்திரை இருப்பது கட்டாயம். டிக் குறிகள் கூடக்கூட மின்சிக்கனமும் கூடும். நாங்கள் பார்த்த இரண்டு கருவிகளுக்கும் ஐந்து டிக் குறிகள் இருந்தன. ஒன்றின் விலை மற்றதைவிட 300 வெள்ளி குறைவு. அப்பா அதை எடுக்கப் போனார்.

“அப்பா, ஆண்டு மின்பயன்பாட்டையும் பாருங்கள்,” என்றேன்.

விலை கூடிய கருவிக்கு ஆண்டுக்கு 200 யூனிட் மின்சாரம் குறைவாகத் தேவைப்பட்டது. ஒரு யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 60 வெள்ளி மிச்சம். ஐந்து ஆண்டுகளில் அந்த 300 வெள்ளியும் திரும்பக் கிடைத்துவிடும். நன்றாகப் பராமரித்தால் கருவி பத்து ஆண்டுகள் உழைக்கும். அப்பா சிரித்துக்கொண்டே விலை கூடியதை வாங்கினார்.

பொருத்தும் வேலையிலும் கவனமாக இருந்தோம். பத்தாவது மாடியிலிருந்து கம்ப்ரசர் விழுந்தால் உயிர்ச்சேதம் ஏற்படும். அதனால், முறையான பயிற்சி பெற்றவர்களையே அழைத்தோம். பழைய வீடு என்பதால், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் முதன்மை மின்விசை இந்தச் சுமையைத் தாங்குமா என்று சோதித்தார். பாட்டியின் அறையில் உள்கருவியை எங்கே பொருத்துவது என்று கேட்டபோது, அப்பா பாட்டியைப் பார்த்தார்.

“காலில் வீசாமல் எங்கே வைத்தாலும் சரி,” என்றார் பாட்டி.

கட்டிலுக்கு நேராக இல்லாமல், பக்கவாட்டுச் சுவரில் அது பொருத்தப்பட்டது. சன்னலுக்கு அம்மா தடித்த திரைச்சீலை தைத்துப் போட்டார்.

இப்போது மாலை நான்கு மணிக்குப் பாட்டி தம் அறையில் அமர்ந்து தமிழ் முரசு படிக்கிறார். குளிர்சாதனம் 26 டிகிரியில் ஓடுகிறது; மின்விசிறி மெதுவாகச் சுழல்கிறது. ஆறு மணிக்கு வெயில் தணிந்ததும், குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, தோழிகளைப் பார்க்கக் கீழே போகிறார்.

அருஞ்சொற்பொருள்

அவகாசம் – கால இடைவெளி
அனல் – கடும் வெப்பம்
முன்னோடி – முதலில் தோன்றி வழிகாட்டுவது
உயிர்ச்சேதம் – உயிரிழப்பு
உரிமம் – ஒரு தொழிலைச் செய்வதற்கான அனுமதி

சிந்தித்து விடையளிக்க

1. பாட்டி மாலை நேரங்களில் கீழ்த்தளத்திற்குச் சென்றதற்கான உண்மையான காரணம் யாது?
2. தமக்குக் குளிர்சாதனம் வேண்டாம் என்று பாட்டி சொன்னதற்கான இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.
3. அறையின் தேவையைவிடப் பெரிய குளிர்சாதனத்தைப் பொருத்தினால் என்ன ஆகும்? விளக்குக.
4. “நீயும் கேட்கவில்லையேப்பா” என்று பாட்டி கூறியபோது அப்பாவின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? உன் கருத்தை எழுதுக.
5. உன் வீட்டில் உள்ள அறைகளை யார், எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் அட்டவணை தயாரித்து, மின்சாரத்தைச் சேமிக்க இரண்டு வழிகளை வகுப்பில் எடுத்துக் கூறுக.